கிங் காங் படத்தில் 25 அடி உயரக் குரங்கு, கையடக்க கேமில் கட்டைவிரல் அளவு. பெரிதாகக் காட்டுவது எப்படி?

நண்டுப்பிடி (கேள்வி):

வணக்கம் மக்களே. ஜிபி ஸ்டுடியோ என்ற கேம் செய்யும் மென்பொருளில், நின்டென்டோவின் பழைய கையடக்கக் கருவியான கேம்பாய்க்குப் பொழுதுபோக்காக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். கதை பழைய மான்ஸ்டர் படங்களின் பாணிதான். துறைமுக ஊர், ஒரு கலங்கரை விளக்கம், ஒரு ராத்திரி கடலுக்குள்ளிருந்து மாடிவீட்டு உயரத்துக்கு ஒரு நண்டு ஏறி வருகிறது. உரிமம் கிரிமம் எதுவும் கிடையாது, விற்கப்போவதும் இல்லை, நண்டு என் சொந்த நண்டு.

பிரச்சினை அளவுதான். கேம்பாய் திரை மொத்தமே 160க்கு 144 பிக்சல். ஆளை 16 பிக்சல் உயரத்தில் வைத்தால் நண்டை எவ்வளவு இழுத்து வரைந்தாலும் நாய்க்குட்டி மாதிரிதான் தெரிகிறது. ஆளை 8 பிக்சலுக்குக் குறைத்தால் நண்டுக்கு ஒரு கம்பீரம் வருகிறது, ஆனால் ஆள் எறும்பாகிவிடுகிறான், அவன் கையில் இருப்பது விளக்கா தடியா என்பதே புரிவதில்லை.

பெரிய கம்பெனிகள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்க்கலாமே என்று 2005 கிங் காங் படத்தின் கையடக்கப் பதிப்புகளை எடுத்தேன். ஒரே படம்தான், ஆனால் சோனியின் பிஎஸ்பியில் ஒன்று, நின்டென்டோவின் டிஎஸ்ஸில் இன்னொன்று, கேம்பாய் அட்வான்ஸ் எனும் ஜிபிஏவில் பெயரே வேறு: காங், தி எய்த் வொண்டர் ஆஃப் தி வேர்ல்ட். மூன்றும் மூன்று கேம். வீட்டுக் கன்சோலில் அவ்வளவு நல்ல பெயர் எடுத்த கேம் கைக்கு வரும்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகத்தான் இருக்கிறது. ஏன் இப்படி? இதில் என் நண்டுக்கு உதவும் விஷயம் ஏதாவது உண்டா?

மண்டையோட்டுத் தீவு:

முதலில் வீட்டுக் கன்சோல் கேமில் என்ன இருந்தது என்று பார்த்துவிட்டால் கைக்கு வரும்போது என்ன கழன்று விழுந்தது என்பது தானாகப் புரியும்.

அந்த கேமைச் செய்தது பிரான்சில் உள்ள யூபிசாஃப்ட் மோன்பெலியே. தலைமை மிஷேல் ஆன்செல், ரேமேன் என்ற கேமை உருவாக்கியவர். அவருடைய 2003 கேமான பியாண்ட் குட் அண்ட் ஈவில் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சனுக்குப் பிடித்துப்போய்த்தான் இந்த வேலை அவரிடம் வந்தது. அவர் செய்த முக்கியமான காரியம், திரையில் இருந்த எல்லா மீட்டரையும் எடுத்துப்போட்டது. உயிர்க்கோடு இல்லை, குண்டு எண்ணிக்கை இல்லை, குறிபார்க்கும் புள்ளிகூட வழக்கமான நிலையில் இல்லை. துப்பாக்கியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் பட்டனை அழுத்த வேண்டும், நீங்கள் ஆடும் கதாநாயகன் ஜாக் வாயால் சொல்வான். அடிபட்டால் திரை சிவந்து மங்கும், அவ்வளவுதான். அப்புறம் குண்டுகள் எப்போதும் பற்றாக்குறைதான். தரையில் கிடக்கும் ஈட்டியையும் எலும்பையும் பொறுக்கி வீச வேண்டும். பெரிய பூச்சி ஒன்றை ஈட்டியில் குத்தித் தூர எறிந்தால் மற்ற மிருகங்கள் அதைத் தின்னப் போகும், நீங்கள் நைசாக நழுவலாம். வி-ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உங்கள் ஈட்டி அதற்கு ஒரு முள். மிஞ்சிப் போனால் அதன் கவனத்தைத் திருப்பலாம், மற்றவர்கள் தப்பிக்க நேரம் கிடைக்கும்.

அதாவது தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்க்கிற கோணம், கையில் ஒன்றும் இல்லாத நிலைமை, இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த மிருகத்தைப் பெரிதாக்கின. கிராபிக்ஸ் அதற்குப் பிறகுதான்.

இப்போது கையடக்கத்துக்கு வாருங்கள். பிஎஸ்பியில் 32 எம்பி ரேம் (வேலை நினைவகம்), வீட்டுக் கன்சோலான பிளேஸ்டேஷன் 2லும் முதன்மை ரேம் அதேதான். அதனால் அந்தப் பதிப்பு வீட்டு கேமின் சாயலிலேயே, அங்கங்கே வெட்டிச் சுருக்கி வந்தது. ஆனால் அந்தக் கருவியில் கட்டைவிரலால் தள்ளும் அனலாக் குச்சி ஒன்றுதான். முதல் நபர் கோணத்தில் ஒரு விரல் நடக்க, ஒரு விரல் குறிபார்க்க என்று இரண்டு குச்சிக்காக யோசித்த கேம் அது. டிஎஸ்ஸில் நிலைமை இன்னும் மோசம், ரேம் 4 எம்பி, ஒவ்வொரு திரையும் 256க்கு 192. அதற்குள் அதே முதல் நபர் முப்பரிமாணத்தைத் திணித்துத் தொடுதிரையில் குறிபார்க்கச் சொன்னார்கள். விமர்சனங்களில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஜிபிஏ பதிப்பு மட்டும் பெரியண்ணனைக் காப்பியடிக்காமல், மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஆட்களை மாற்றி மாற்றி ஆடுகிற வேறொரு கேமாக வந்தது. முயற்சி நேர்மையானது. ஆனால் மேலிருந்து பார்த்தால் யாருமே பெரியவர் இல்லை, காங் உட்பட. படத்தின் உயிரே நிமிர்ந்து பார்ப்பது, அதைக் குனிந்து பார்க்க வைத்துவிட்டார்கள்.

ஏன் இப்படி என்றால், நேரமும் ஒரு காரணம். படம் 2005 டிசம்பர் 14, கேம் அதற்கு முன்பே நவம்பரில் கடைக்கு வந்தாக வேண்டும். படமே கடைசி வரை மாறிக்கொண்டிருந்தது. வெளியீட்டுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில் அக்டோபரில் இசையமைப்பாளரே மாறினார், ஹோவர்ட் ஷோர் போய் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் வந்தார். அந்தக் காலத்தில் படத்தின் உரிமம் வாங்கிச் செய்த கேம்கள் பலவற்றிலும் இதே கதைதான். தேதியைத் தள்ளிப்போட யாருக்கும் அதிகாரம் கிடையாது, அதிலும் கையடக்கப் பதிப்பு என்றால் பெரும்பாலும் வேறொரு சின்னக் குழுவின் தலையில் விழும்.

நாலு நிறம்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கேட்டவர் கேம்பாயில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்கு வேண்டியது டைல் கணக்கு, அதாவது திரையை நிரப்பும் 8க்கு 8 பிக்சல் சதுரங்களின் கணக்கு. நான் அதைச் சொல்கிறேன்.

நண்டை ஸ்பிரைட்டாக, அதாவது பின்னணிக்கு மேல் தனியாக நகரும் சின்னப் படங்களாக வரைய நினைத்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். கேம்பாயில் மொத்தம் 40 ஸ்பிரைட், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8க்கு 16. நாற்பதையும் இடைவெளி இல்லாமல் அடுக்கினாலும் திரையில் கால்வாசிகூட நிரம்பாது. அதைவிடப் பெரிய தலைவலி, ஒரு கிடைக்கோட்டில் 10 ஸ்பிரைட்டுக்கு மேல் வராது. பத்து எட்டு எண்பது, திரையின் பாதி அகலம். அதில் உங்கள் ஆள் 16 பிக்சல் அகலம் என்றால் அவனுக்கு இரண்டு போய்விடும், நண்டுக்கு மிச்சம் 64 பிக்சல். அதையும் தாண்டினால் நண்டின் ஒரு பக்கம் காணாமல் போகும், இல்லையென்றால் மின்னும்.

அதனால் அந்தக் காலத்திலேயே பெரிய எதிரிகளைப் பின்னணிப் படமாகத்தான் வரைவார்கள். உடம்பு பின்னணி, அசையும் கண், கொடுக்கு நுனி மாதிரிச் சின்னப் பாகம் மட்டும் ஸ்பிரைட். பின்னணியின் ஸ்க்ரோலை, அதாவது அது திரையில் நிற்கும் இடத்தை நகர்த்தினால் உடம்பு முழுவதும் நகரும், கருவிக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. நண்டே பின்னணி என்பதால் அதற்குப் பின்னால் வேறொன்றும் இருக்க முடியாது, அதனால்தான் அந்தக் கேம்களில் பெரிய எதிரி வந்தவுடன் வானம் சட்டென்று வெறும் ஒரே நிறமாகிவிடும். உங்கள் கதை ராத்திரியில் நடக்கிறது, கவலையில்லை.

தரையும் சேர்ந்து நகருமே என்று கேட்பீர்கள். திரையைப் படுக்கைவாக்கில் இரண்டாக வெட்ட வேண்டும். கருவி ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு வரும்போது குறிப்பிட்ட கோட்டில் ஒரு குறுக்கீடு வைத்து ஸ்க்ரோல் மதிப்பை மாற்றிவிட்டால், மேலே நண்டு போகும், கீழே தரை அப்படியே நிற்கும். கையால் எழுதத் தேவையில்லை, ஜிபி ஸ்டுடியோவில் பாராலாக்ஸ் என்று இருக்கும் வசதி இதைத்தான் செய்கிறது. நண்டு பக்கவாட்டில் நடக்கிற பிராணி என்பது உங்கள் அதிர்ஷ்டம், டைனோசர் என்றால் கால் தூக்கி வைக்கும் அசைவுக்கே பாதி நினைவகம் போயிருக்கும்.

இன்னொரு கணக்கு. திரை 20க்கு 18, அதாவது 360 டைல். ஜிபி ஸ்டுடியோவில் ஒரு பின்னணிக்கு வேறுவேறு டைல் 192 வரைதான். பழைய கேம்பாயில் பின்னணி டைலைத் திருப்பிப் போடும் வசதியும் கிடையாது, பின்னால் வந்த கேம்பாய் கலரில்தான் அது வந்தது. ஆகவே இடது கொடுக்கை வரைந்து கண்ணாடி பிம்பமாக வலது கொடுக்கு ஆக்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி டைல் செலவாகும். வழி என்ன? நண்டின் முதுகோட்டை முழுக் கறுப்பாக வைத்துவிடுங்கள், ஒரே டைல் நூறு இடத்தில் போகும். விளிம்பு, கண், வாய்ப்பக்கம் இவற்றுக்கு மட்டும் டைலைக் கொட்டுங்கள். முழுவதும் தெரியாமல் இருட்டுக்குள் விளிம்பு மட்டும் தெரிவது பார்ப்பவருக்கும் நல்லது.

நண்டுப்பிடி:

ஐயோ, 192 கணக்கு எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஓட்டில் சிப்பி ஒட்டியிருப்பது மாதிரிப் புள்ளிபுள்ளியாக வரைந்து வைத்திருந்தேன். நன்றி ப்ரோ, அதை அழித்துவிடுகிறேன். ஆனால் நண்டு பின்னணி ஆகிவிட்டால் அதனோடு சண்டை போடுவது எப்படி? மோதினால் ஆளுக்கு அடிபட வேண்டுமே?

நாலு நிறம்:

கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரைட் ஒன்றைக் கொடுக்கு இருக்கும் இடத்தில் வைத்து நகர்த்துங்கள், மோதலை அது பார்த்துக்கொள்ளும்.

ரெண்டு பட்டன்:

எல்லாரும் வரைவதைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சண்டை எதற்கு என்று முதலில் கேளுங்கள். மாடிவீட்டு உயர நண்டை ஒரு ஆள் தடியால் அடித்துக் கொல்ல முடிகிறது என்றால், திரையை முழுவதும் அடைத்து வரைந்தாலும் அது சின்ன நண்டுதான். இருபது அடி அடித்தால் சாகிற எதையும் ஆடுகிறவன் மனசு பெரிதாக நினைக்காது.

படத்தை கேமாக்கும்போது எல்லாக் காட்சியையும் இழுத்துக்கொண்டு வருவதுதான் பெரிய வியாதி. சின்னக் கருவியில் நன்றாக வந்தவை எல்லாம் படத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்தவை. 2001இல் மூன்றாவது ஜுராசிக் பார்க் படத்துக்குக் கொனாமி ஜிபிஏவில் மூன்று தனித்தனி கேம் போட்டது. இரண்டு வழக்கமான அதிரடி வகை. மூன்றாவது பார்க் பில்டர், அதில் ஓடவே வேண்டாம், நீங்கள்தான் பார்க் முதலாளி, டைனோசரை வளர்த்து, வேலி போட்டு, ஆட்களை வரவழைக்க வேண்டும். அந்தப் படத்தில் பார்க் நடத்துகிற கதையே கிடையாது! ஆனால் இந்தப் படங்கள் பார்க்கும் எல்லாருக்கும் உள்ளுக்குள் இருக்கிற ஆசை அதுதானே. ஜிபிஏ திரையில் டைனோசர் சின்னதாகத் தெரிவது அங்கே குறையே இல்லை, முதலாளி மாடியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

இன்னொன்று, ஏலியன் படங்களை ஒட்டி டிஎஸ்ஸில் 2011இல் வந்த ஏலியன்ஸ் இன்ஃபெஸ்டேஷன். வேஃபார்வர்ட் செய்தது, சேகா வெளியிட்டது. டிஎஸ்ஸில் முப்பரிமாணம் வேண்டாம் என்று பக்கவாட்டு 2டியிலேயே போனார்கள், கிங் காங் டிஎஸ்ஸில் விழுந்த பள்ளத்தில் விழவில்லை. அதன் சூட்சுமம் ஒரே ஒரு விதி. கேம் முழுவதும் 19 மரைன்கள் (படைவீரர்கள்), ஒரு நேரத்தில் நால்வர்தான் உங்களோடு. செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். ஒவ்வொருவனுக்கும் முகமும் பேச்சும் தனித்தனி. ஆகவே இருட்டில் ஏதோ ஊர்கிற சத்தம் கேட்டாலே, இவனை இழந்துவிடுவோமோ என்று கை நடுங்கும். அந்தப் பயத்துக்கு ஒரு பிக்சல்கூடச் செலவாகவில்லை.

உங்கள் நண்டுக்கு என் யோசனை: அதை அடிக்க முடியாது. கலங்கரை விளக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நண்டு போகும். ஆடுகிறவன் வேலை, விளக்கைத் திருப்பிவிட்டு, நண்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் இறங்கி ஓடி ஒரு வீட்டு ஆட்களைப் படகில் ஏற்றுவது. திரும்ப மேலே ஏறு, விளக்கைத் திருப்பு. ரெண்டு பட்டன் போதும்.

இயர்போன்:

ரெண்டு பட்டன் சொல்வதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன், ஒலி. 1993 ஜுராசிக் பார்க் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, அதில் டைனோசர் திரையில் இருப்பது மொத்தம் சுமார் 15 நிமிடம்தான். டி-ரெக்ஸ் வருவதற்கு முன்னாலேயே தம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வருகிறதே, அது வண்டியின் முகப்புப் பலகைக்கு அடியில் கிதார் கம்பியைக் கட்டித் தட்டி எடுத்தது. மிருகத்தைக் காட்டாமலே அரங்கத்தை உட்கார வைத்துவிட்டார்கள்.

கேம்பாய் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது, அதனால் தியேட்டர் உறுமலை அதில் எதிர்பார்த்தால் தகர டப்பா சத்தம்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக மெல்லிய சத்தத்தைப் பயன்படுத்துங்கள். ஏலியன் ஐசோலேஷன் என்ற கேம் 2014இல் வந்தது, 2019 டிசம்பரில் நின்டென்டோவின் ஸ்விட்ச்சுக்கும் வந்தது, கையில் வைத்து ராத்திரி ஆடினால் தெரியும். அந்த ஏலியனைக் கொல்லவே முடியாது. உங்களிடம் இருப்பது அசைவைக் காட்டிக்கொடுக்கும் ஒரு மோஷன் டிராக்கர், அது பீப் பீப் என்று அடிக்கும், கிட்டே வர வர வேகமாகும். உங்களைக் கொல்வது அந்தப் பீப்தான். அந்தச் சத்தத்தைக் கேம்பாயில் பீப் ஒலி எழுப்பும் பல்ஸ் சேனல் கண்ணை மூடிக்கொண்டு செய்யும். நண்டின் காலடிக்கு, இரைச்சல் எழுப்பும் நாய்ஸ் சேனலில் ஒரு சின்ன 'டக்', அதோடு திரை இரண்டு பிக்சல் குலுங்கட்டும். தூரத்தில் இருக்கும்போது மெதுவாக, இடைவெளி விட்டு. ஓட்டு வீட்டில் பாத்திரம் நடுங்குகிற மாதிரி ஜன்னல் டைல் ஒன்று அசைந்தால் இன்னும் நல்லது.

மண்டையோட்டுத் தீவு:

அடிக்கவே முடியாது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆட்சேபம். முழுக்க முழுக்க ஓடி ஒளிந்துகொண்டே இருந்தால் ஆடுகிறவனுக்கு ஒரு கட்டத்தில் சலித்துவிடும். கிங் காங் கேமில் ஆன்செல் இதற்கு வைத்த மருந்து, நடுநடுவே உங்களையே காங் ஆக்கிவிடுவது. அதுவரை முதல் நபர் கோணத்தில் ஈட்டியோடு பதுங்கிக்கொண்டிருந்தவன், திடீரென்று கேமரா பின்னால் போக, அதே வி-ரெக்ஸின் தாடையைப் பிடித்துக் கிழிக்கிறான். ஜாக்காக இருந்தபோது பயந்த பயம்தான் அந்த ஒரு நிமிடத்துக்கு ருசி. அந்த மாற்றம் இல்லாமல் முழு கேமும் காங்காகவே ஆட விட்டிருந்தால் வழக்கமான அடிதடி கேமாகப் போயிருக்கும்.

இன்னொன்று, அசைவின் வேகம். 1933 படத்தின் காங் பொம்மை வெறும் 18 அங்குலம். அதோடு முழு அளவுக் கையும் தலையும் மார்பும் தனியாகச் செய்து, நெருக்கக் காட்சிக்கு அவற்றைக் காட்டினார்கள். சின்னதைப் பெரிதாகக் காட்டுவது இந்த வகைப் படங்களுக்கு முதல் நாளிலிருந்தே பிழைப்பு. 1954 காட்ஸில்லாவில் ரப்பர் உடைக்குள் ஆள், அதைக் கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்தார்கள், திரையில் அசைவு மெதுவாகி எடை வந்துவிடும். உங்கள் நண்டின் கொடுக்கையும் அப்படியே மெதுவாக ஏற்றுங்கள், இறங்கும்போது மட்டும் சட்டென்று. பழைய கேம்பாய்த் திரையில் வேகமாக நகர்வது எல்லாம் இழுபட்டு மங்கிவிடும் என்பதால் மெதுவாகப் போவது கண்ணுக்கும் நல்லது.

நண்டுப்பிடி:

அடடா, நண்டாகவே ஆடும் ஒரு கட்டம்! அதில் ஆள் 8 பிக்சல் எறும்பாக இருந்தால் யாருக்கு என்ன, எறும்பாகத்தானே இருக்க வேண்டும். ஆளாக ஆடும்போது நண்டு பின்னணி, திரைக்குள் முழுவதும் வராது, கால் இரண்டும் ஒரு கொடுக்கும்தான் தெரியும். நண்டாக ஆடும்போது நண்டு 32 பிக்சல் ஸ்பிரைட், வீடு 16 பிக்சல், ஆட்கள் புள்ளிகள். ரெண்டு பட்டன் சொன்ன விளக்கு விதியையும் எடுத்துக்கொள்கிறேன், நண்டாக ஆடும்போது அந்த விளக்கு நம் கண்ணைக் கூச வைக்க வேண்டும், கடைசியில் அதைப் போய் உடைப்பதுதான் இலக்கு.

ஒரே சந்தேகம். வீடுகள் உடைய வேண்டும். அத்தனை வீட்டுக்கும் உடைந்த படம் தனியாக வரைந்தால் திரும்பவும் அந்த 192இல் இடிக்குமா?

நாலு நிறம்:

இடிக்காது. 16க்கு 16 வீடு என்றால் நாலு டைல், உடைந்த வீட்டுக்கு இன்னொரு நாலு. ஊர் முழுவதும் அதே எட்டு டைல்தான், வேண்டுமானால் ஓட்டு வீடு, மொட்டை மாடி என்று இரண்டு ரகம் வைத்துப் பதினாறு ஆக்கிக்கொள்ளுங்கள். கொடுக்கு பட்டவுடன் அந்த இடத்து டைலை மாற்றும் நிகழ்வு ஜிபி ஸ்டுடியோவிலேயே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு நாலு டைலையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், மேல் இரண்டை முதலில், கொஞ்சம் விட்டுக் கீழ் இரண்டை மாற்றுங்கள், கூரை சரிந்து சுவர் விழுகிற மாதிரி இருக்கும். கலங்கரை விளக்கத்துக்கு மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள், அந்தக் கட்டத்தில் உங்களுக்கு நூறு டைலுக்கு மேல் மிச்சம் இருக்கும்.